பதிலி வாங்கிய மதிப்பெண்

சந்தனமாரி எட்டாம் வகுப்பு தேறிவிட்ட விஷயம் சந்தனமாரிக்கே தெரியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலை அம்மாவோடு வந்தவள், ஏழாம் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். ஐந்தாவது நிமிடம் சுவரிலிருந்த வருகைத் திரை சிவப்பாகி, "இவர் இப்பள்ளியில் பயில்பவர் அல்லர்" என்று அறிவித்தது. வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

நான் பொன்செல்வி. நெடுங்கரிசல் நடுநிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறுக்கும் ஏழுக்கும் வகுப்பாசிரியரும் நான்தான். பள்ளியின் தொழில்நுட்பத் திட்டத்தை எழுதியதும் நான்தான். அதனால் இந்தக் கதையில் தப்பு செய்தது யார் என்று தேடி நீங்கள் ரொம்ப தூரம் அலைய வேண்டாம். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மிகாமல் பதில் தர வேண்டுமாம். ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் அடங்காதது இது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், 2040இல், ஒவ்வொரு நடுநிலைப்பள்ளியும் இணையவழிக் கல்விக்கு மூன்றாண்டுத் திட்டம் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அறுபத்திரண்டு பக்கப் படிவம். எங்கள் தலைமையாசிரியர் ஞானதுரை சார் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "டீச்சர், உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர்லாம் நல்லா வருமே" என்று சொல்லிவிட்டு நழுவினார். இந்த உத்தியோகத்துக்கு வந்த முதல் வாரமே நாங்கள் எல்லோரும் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறோம். எந்தப் படிவத்திலும் "இல்லை" என்று போடக் கூடாது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? ஆம். நூலகம் உண்டா? ஆம். "இல்லை" என்று ஒரு இடத்தில் போட்டால் ஏன் இல்லை என்று தனியாகக் கடிதம் எழுத வேண்டும், அதைப் பார்க்க ஒருவர் ஜீப்பில் வருவார், அவருக்கு டீ வாங்க வேண்டும். ஆகவே நானும் ஆம், ஆம், ஆம் என்று அடித்துக்கொண்டே போனேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: "நீண்டகாலம் வர இயலாத மாணவர்களுக்குப் பதிலி வசதி தேவையா?" அதற்கும் ஆம். முழுதாகப் படித்தேனா என்று கேட்டால், படிக்கவில்லை.

நீண்டகாலம் வராத பிள்ளைகள் எங்களிடம் நிறையப் பேர். எங்கள் ஊர் ஜனங்கள் ஐப்பசி பிறந்தால் குடும்பம் குடும்பமாகத் தகட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். குஜராத்தில் கட்ச் பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் சூரியத் தகடுகள் போட்டிருக்கிறார்கள். அதில் படியும் மண்ணைக் கழுவித் துடைக்க வேண்டும். அதற்கு ரோபோக்களும் உண்டு, ஆனால் ரோபோ மணல் புகுந்து நின்றுவிடுகிறது, நெடுங்கரிசல் ஆட்கள் நிற்பதில்லை. பிள்ளைகளும் கூடவே போவார்கள். முன்பெல்லாம் அந்தப் பிள்ளைகளின் பெயரை நீக்காமல் இருக்க நாங்களே பதிவேட்டில் வந்ததாகப் போட்டுக்கொண்டிருந்தோம். எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். பாவம், பெயராவது இருக்கட்டுமே என்ற எண்ணம். பதிலி என்பது அதே காரியத்தை இயந்திரம் செய்வது என்றுதான் நான் புரிந்துகொண்டிருந்தேன்.

அது அப்படி இல்லை என்பதைச் சந்தனமாரியின் அம்மா ராமுத்தாய்க்கு நான் அன்று காலையில் விளக்க வேண்டி வந்தது. தலைமையாசிரியர் அறையில் அவர் நின்றுகொண்டே இருந்தார். ஞானதுரை சார் திரையைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "ஏம்மா, உம் மக எட்டாவது பாஸு. தொண்ணூத்தி நாலு மார்க்கு. டவுன் ஹைஸ்கூல்ல முதல்நிலைப் பிரிவுல ஒன்பதாவதுக்கு இடம் போட்டுருக்கு" என்றார்.

ராமுத்தாய் என்னைப் பார்த்தார். "என்ன டீச்சர் சொல்றாரு சாரு? ஏழாவதுல பாதியில கூட்டிட்டுப் போனேன். போன எடத்துல மாமனாருக்குக் கால் ஒடிஞ்சு, ஒரு வருசம் சேத்து அங்கனயே கெடந்தோம். இருவது மாசமா இவ பொஸ்தகத்தக் கண்ணால பாக்கல. எப்பப் பாஸானா?"

"இவ இங்க இருந்தப்ப டேப்லெட்ல எழுதுன பதில், பேசுன பேச்சு, தப்பு விட்டது எல்லாம் சேத்து வச்சிருக்காங்கம்மா. அத வச்சு, இவ இருந்தா எப்படிப் படிப்பாளோ அதே மாதிரி ஒண்ணு செஞ்சு, அது தெனமும் கிளாஸ் கவனிச்சிருக்கு. பரீட்சையும் எழுதியிருக்கு. அதுக்குப் பேரு பதிலி."

"எம் மக பேர்லயா?"

"ஆமா."

"அது யாரு வயித்துல பெறந்துச்சு?"

ஞானதுரை சார் இருமினார். சந்தனமாரி அம்மாவின் பின்னால் நின்றிருந்தாள். வெயிலில் கருத்து, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். "சார், எனக்குத் தொண்ணூத்தி நாலு வேண்டாம். என்னய ஏழாவதுல உக்கார விடுங்க" என்றாள்.

"முடியாதும்மா. பாஸான பிள்ளய மறுபடி கீழ் வகுப்புல சேக்க வழியே கிடையாது. கம்ப்யூட்டர் எடுக்காது."

"அப்ப என்னய ஃபெயிலாக்குங்க."

சார் சிரித்துவிட்டார். முப்பது வருட சர்வீசில் அவரிடம் இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததில்லை. நான் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானமே இன்னொரு தகவல் வந்து சேர்ந்தது. தகட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ராமுத்தாய்க்குப் போன் செய்திருக்கிறார். "தாயி, உம் மக எட்டு முடிச்சுட்டாளாமே, லிஸ்ட்ல பேரு வந்துருக்கு. ஆவணியோட வயசும் பதினாலு ஆவுது. இந்தத் தடவ அவளுக்கும் பயிற்சிக் கார்டு போட்டுருதேன்." எட்டு முடிக்காத பிள்ளையை வேலையில் சேர்த்தால் மேஸ்திரியை உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எட்டு முடித்திருந்தால் பதினான்கு வயதில் பயிற்சியாளர் என்று சேர்த்துக்கொள்ளலாம். எந்தக் குழந்தையும் பாதியில் படிப்பை விடக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த பதிலி, எல்லாக் குழந்தைகளையும் காகிதத்தில் எட்டு முடிக்க வைத்துக்கொண்டிருந்தது. மேலிடத்துப் புள்ளிவிவரத்தில் எங்கள் பள்ளியின் இடைநிற்றல் பூஜ்யம். அதற்காக எங்களுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் சந்தனமாரி தனியாக வந்தாள். அந்தப் பதிலியைப் பார்க்க வேண்டும் என்றாள். கணினி அறைக்குக் கூட்டிப் போனேன். திரையில் முகம் ஒன்றும் கிடையாது, குரல் மட்டும்தான். ஆனால் அவளுடைய குரல், ஏழாம் வகுப்பில் இருந்த குரல். தன் குரலைக் கேட்டதும் அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போனாள்.

"வணக்கம். நான் சந்தனமாரி" என்றது அது.

"நீ எங்க இருந்த இம்புட்டு நாளும்?"

"பள்ளியில்தான். போன வருடம் அறிவியல் கண்காட்சியில் ஒளிச்சேர்க்கை பற்றி விளக்கினேன். எனக்குச் சான்றிதழ் தந்தார்கள்."

"கூட யாரு இருந்தா?"

"வகுப்பு நண்பர்கள் எல்லோரும் இருந்தார்கள்."

சந்தனமாரி என் பக்கம் திரும்பினாள். "உண்மையா டீச்சர்? எல்லாரும் இருந்தாகளா?"

இல்லை. அந்தக் கண்காட்சி மொத்தமும் சர்வருக்குள் நடந்தது. முப்பத்தொரு பதிலிகள் ஒன்றுக்கொன்று விளக்கம் சொல்லி, ஒன்றுக்கொன்று கைதட்டிக்கொண்டன. சான்றிதழ்களில் நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இதை அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டு திரையிடம், "நாப்பதுக்கு ஒண்ணுன்னா என்ன? ஒரு வாளித் தண்ணிக்கு மருந்து எம்புட்டு ஊத்தணும்?" என்று கேட்டாள். அது வாளியின் கொள்ளளவு என்ன என்று திருப்பிக் கேட்டு, விகிதம் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து அழகாக, பொறுமையாக, ஒரு தப்பும் இல்லாமல் சொல்லிக்கொடுத்தது. நானே அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"இவ நல்லா படிக்கா" என்றாள் சந்தனமாரி. "எனக்கு இவளப் புடிக்கல. நான் இருக்க வேண்டிய எடத்துல உக்காந்துருக்கா." சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பதிலிகள் சரியாகப் படிக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க, பெயர் பதியாமல் ஒரு பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று திட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு வரி இருந்தது. அதன்படி அவள் ஏழாம் வகுப்பில் உட்காரலாம், பாடம் கேட்கலாம். பதிவேட்டில் பெயர் இருக்காது, சத்துணவில் கணக்கு வராது, பரீட்சை கிடையாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

ராமுத்தாய் தன் மகளைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள். "அப்ப அவ சந்தனமாரி, நான் அவளுக்குப் பதிலியா டீச்சர்?"

"அப்படி இல்லம்மா. எப்படியாவது உள்ள உக்காந்துட்டா..."

"பேரு இல்லாம உக்கார மாட்டேன். கட்ச்லயும் பேரு இல்லாமத்தான் இருந்தேன். 'ஏ லட்கி', ஏ புள்ளன்னு கூப்புடுவாக, அம்புட்டுத்தான். இங்கன என் ஸ்கூலு. எம் பேரக் கூப்புடணும், நான் 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவளுக்காக மெனக்கெட்டு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தால் இத்தனை வீறாப்பா என்று தோன்றியது. பாதி தூரம் நடந்து வந்த பிறகுதான், அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வட்டாரக் கல்வி அலுவலர் ரேணுகாதேவி மேடத்துக்குப் போன் செய்தேன். அவரும் நானும் ஒரே வருடம் பயிற்சி முடித்தவர்கள். அவர் மேலே போய்விட்டார், நான் இங்கேயே இருக்கிறேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு நீளமாக மூச்சு விட்டார்.

"பொன்செல்வி, ஃபெயிலாக்குறதுக்கு ஃபார்மே கெடையாது. யாரும் கேட்டதில்ல."

"பதிலி எழுதுன பரீட்சையை ரத்து செய்ய முடியாதா மேடம்?"

"முடியாது." கொஞ்சம் தயங்கினார். "ஒரு பழைய விதி மட்டும் இருக்கு. எடுக்க மறந்துட்டாங்க. வகுப்பாசிரியர் தன் கையால திருத்தி, மார்க் போட்டு, கையெழுத்துப் போட்ட விடைத்தாள் இருந்தா, அதுக்கும் கம்ப்யூட்டர் மார்க்குக்கும் வித்தியாசம் வந்தா, ஆசிரியர் போட்டதுதான் செல்லும். நான் இதச் சொன்னேன்னு எங்கயும் சொல்லாதீங்க."

அதனால்தான் அவருடைய உண்மைப் பெயரை இங்கே போடவில்லை.

"ஆனா ஒண்ணு. ஒரு தாள் அப்படி வந்தா, உங்க ஸ்கூல்ல இருக்குற முப்பத்தொரு பதிலியையும் தோண்டுவாங்க. எடுத்துட்டா உங்க எண்ணிக்கை அறுபதுக்குக் கீழ போயிரும். ஸ்கூல பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்குறதோட சேத்துருவாங்க. திட்டம் எழுதுனது நீங்க. முதல்ல உங்க மேலதான் கை வைப்பாங்க."

இதை ஞானதுரை சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "எனக்கு இன்னும் ஒரு வருசந்தான் டீச்சர். இந்த ஸ்கூல மூடாமக் காப்பாத்தத்தான நாம அதுக்கு ஆம் போட்டோம். ஒரு பிள்ளைக்காக மத்த பிள்ளைகளத் தெருவுல விடவா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. சத்துணவில் முட்டை குறைந்தால் தன் வீட்டிலிருந்து கொண்டுவருகிறவர். ஆனால் அந்த ஒரு பிள்ளைக்குப் பின்னால் வரிசையாக முப்பது பிள்ளைகள் நிற்பதை அவர் பார்க்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அடுத்த மூன்றாண்டுத் திட்டத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வாங்க வேண்டும். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஆறு பேர் வந்து, பிஸ்கட் சாப்பிட்டு, நான் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்று ராமுத்தாய் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருந்தார் போல. எட்டாம் வகுப்பு அறை நிறைந்து, வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். நான் ஸ்மார்ட் போர்டில் திட்டத்தைப் போட்டேன். நாற்பத்தேழாம் பக்கம் வந்ததும் நின்றேன்.

"போன தடவ இந்த எடத்துல நான் படிக்காம 'ஆம்' போட்டேன்" என்றேன். "உங்க பிள்ளைகளுக்குப் பதிலா மெஷின் படிச்சுக்கிட்டு இருக்கு. எந்தப் பிள்ளையும் படிக்கல. தப்பு எம் மேல." அவ்வளவுதான் சொன்னேன்.

முன் வரிசையிலிருந்து பேராச்சி என்ற பெண் எழுந்தார். அவருடைய மகனின் பதிலி ஆறாம் வகுப்பை முடித்திருந்தது. "அது நல்லதுதான டீச்சர்? நாங்க பொழைக்கப் போற எடத்துல பள்ளிக்கூடமா இருக்கு? எப்படியும் சர்டிபிகேட்டு கையில வருது. படிச்சு முடிச்ச பயலுகளே எங்க கூடத்தான் தகடு தொடைக்கான். அதப் போயி எதுக்குக் கெடுக்கீக?"

பலர் தலையாட்டினார்கள். பாடப் புத்தகத்தில் இருக்கும் பதிலெல்லாம் அந்த அறையில் செல்லாது.

ராமுத்தாய் பின்னாலிருந்து வந்தார். இரண்டு கையையும் விரித்து எல்லோருக்கும் காட்டினார். உள்ளங்கை இரண்டும் தோல் வெந்து, ரோஸ் நிறத்தில் வழுவழுவென்று இருந்தது. ரேகையே இல்லை.

"தகடு கழுவுத மருந்து" என்றார். "நாப்பதுக்கு ஒண்ணு ஊத்தணும்னு டப்பாவுல எழுதிருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது. இவகிட்டக் குடுத்தேன், ஏழாவது படிச்சவளாச்சேன்னு. இவ நாலுக்கு ஒண்ணா ஊத்திட்டா. நான் கைய விட்டேன். வேணும்னா செஞ்சா? அந்தக் கணக்கு நடத்துன அன்னைக்கு இவ ரயில்ல இருந்தா." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு இங்கன அந்தப் பதிலி நாப்பதுக்கு ஒண்ணு கணக்கச் சரியாப் போட்டுருக்கும். முழு மார்க்கும் வாங்கியிருக்கும். ஆஸ்பத்திரியில எங்கூட இருந்தது இவ. அழுதது இவ. சர்டிபிகேட்ட வச்சு நான் என்ன செய்ய பேராச்சி? கையில சுத்திக்கிடவா?"

பேராச்சி உட்கார்ந்துவிட்டார். சந்தனமாரி கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்று திரையிடம் அந்தக் கேள்வியை ஏன் கேட்டாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஸ்கூல மூடிருவாகன்னு சாரு சொல்றாரு" என்றார் ஒரு பெரியவர்.

"மூடட்டும்" என்றார் ராமுத்தாய். "பிள்ளையே இல்லாத பள்ளிக்கூடம் இப்பமும் மூடித்தான கெடக்கு? நாங்க இந்த வருசம் மூணு வீடு சேந்து பேசிட்டோம். ஐப்பசிக்கு ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஆள் போகும், ஒரு ஆள் இருக்கும். பிள்ளைக இங்கனதான் இருக்கும். அத எண்ணிக்கிடட்டும். மெஷினு வேண்டாம்."

ஞானதுரை சார் என் காதருகே, "டீச்சர், இத மினிட் புக்குல ஏத்தாதீங்க" என்றார். நான் ஏற்றினேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் "இல்லை" என்று அழுத்தி, அதன் கீழே ஏன் இல்லை என்பதற்கு நாலு வரி எழுதினேன். பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதினோரு பேர் போடாமல் போனார்கள். பேராச்சியும் போடவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை என்று சொல்லியிருந்தேன். ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக்குச் சமமாக நானே கைப்பட ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். ஆறாம் வகுப்புக்கு இன்னொன்று. அன்று காலை ஞானதுரை சார் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதி அனுப்பியிருந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் என் மேஜை இழுப்பறையைத் திறந்தால், அலமாரிச் சாவியும் பள்ளி முத்திரையும் மைப்பெட்டியும் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தது. சனிக்கிழமை வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முத்திரை இல்லாமல் என் கையெழுத்து செல்லாது என்பது அவருக்குத் தெரியும்.

ஏழு பிள்ளைகள் வந்தார்கள். ஏழாவதாக வந்தவன் பேராச்சியின் மகன். அம்மாவே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "இவன் வாசிப்பானான்னு தெரிஞ்சுக்கிடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஃபெயிலாவதற்காகப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சும்மா கிறுக்கி வைத்துவிட்டு எழுந்து போவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். வெற்றுத்தாளைக் கொடுத்தாலும் காரியம் முடிந்துவிடும். ஒருவரும் அப்படிச் செய்யவில்லை. இரண்டரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். சந்தனமாரி பேனாவை நிறுத்தி, கூரையைப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, அடித்து, மறுபடி எழுதினாள். ஒரு கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். எனக்கு எழுந்து போய்ச் சொல்லிக்கொடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. அப்படிச் செய்தால் அதுவும் பதிலி வேலைதான் என்று பேசாமல் இருந்தேன்.

மத்தியானம் அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து திருத்தினேன். வருடக்கணக்காகச் சிவப்பு மையைத் தொடாத கை. இத்தனை காலம் இயந்திரம்தான் திருத்தியது, விடை சரியா தப்பா என்று மட்டும் பார்க்கும், அடுத்ததற்குப் போகும். நானும் அதே வேகத்தில் போனேன். சந்தனமாரிக்கு நூற்றுக்குப் பதினொன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். மதிப்பெண்ணைப் போட்டு வட்டமிட்டு, கீழே கையெழுத்திட்டு, முத்திரை குத்தினேன். அவ்வளவுதான், ஏழே தேறாதவளுக்கு எட்டு ஏது? அந்த முத்திரையோடு எட்டாம் வகுப்புச் சான்றிதழும் மேஸ்திரியின் கார்டும் தொலைந்தன. சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து ஏழாம் வகுப்பில் அவள் பெயரை எழுதினேன். இனி யார் வந்து என்ன கேட்டாலும் இந்தத் தாளை நீட்டலாம். பயமாகத்தான் இருந்தது, ஆனால் இத்தனை வருடத்தில் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததும் இல்லை.

"இந்தா, நீ ஃபெயிலு" என்று தாளை நீட்டினேன். துள்ளிக் குதித்து ஓடுவாள் என்று பார்த்தேன்.

அவள் ஓடவில்லை. தாளை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அம்மா வெளியே காத்திருப்பதையும் மறந்துவிட்டு, பெஞ்சில் வைத்து வரி வரியாகப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள். முகத்தில் கோபம்.

"டீச்சர், ஒன்பதாவது கணக்குக்கு ஏன் முட்ட போட்டுருக்கீக?"

"விடை தப்பு, அதான்."

"தோட்டத்தச் சுத்தி மூணு சுத்து வேலி போடணும். நாப்பத்தஞ்சையும் இருவத்தெட்டையும் கூட்டுனது சரி. எழுவத்தி மூணு. ரெண்டு பக்கமும் இருக்குன்னு ரெண்டால பெருக்குனதும் சரி. நூத்தி நாப்பத்தாறு. மூணு சுத்துக்கு மூணால பெருக்கணும்னு தெரிஞ்சுதான பெருக்கியிருக்கேன்? கடைசியில நானூத்தி முப்பத்தெட்டுன்னு வராம நானூத்தி இருவத்தெட்டுன்னு வந்துட்டு. அதுக்காக முன்னால போட்டது பூராம் இல்லன்னு ஆயிருமா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஐந்து மதிப்பெண் கேள்வியில் மூன்று படி சரியாக இருந்தது. இதற்கு ஸ்டெப் மார்க் என்று ஒன்று உண்டு. நான் பள்ளியில் படித்தபோது அதை வைத்துத்தான் நானே கணக்கில் கரையேறினேன். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. பதினொன்றை அடித்து, பதினான்கு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். அது செல்லுமா என்று அவள் கேட்டாள். செல்லும் என்றேன். மேலே இன்னொரு முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

பதினான்கும் ஃபெயில்தான். அவள் அதை இன்னொரு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏழாம் வகுப்புக்குள் போனாள்.